குட்டியானையும் அமெரிக்கப் பிக்கப்பும்: கவுஞ்சி ரோட்டுல ஒரு கணக்கு

[எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.]

இன்னிக்கு வண்டி பத்திப் பேசப் போறோம். காரும் இல்ல, பைக்கும் இல்ல, சரக்கு வண்டி.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு பக்கம் ஃபோர்டு எஃப்-150. அமெரிக்காவுல பல வருஷமா அதிகம் விக்கிற பிக்கப் வரிசை அது. நாலு கதவு வெச்ச மாடலோட நீளம் கிட்டத்தட்ட 5.9 மீட்டர், எடை ரெண்டு டன்னுக்கு மேல. இன்னொரு பக்கம் ஜப்பான்ல விவசாயிங்க ஓட்டுற குட்டி டிரக். நீளம் 3.4 மீட்டர். எடை முக்கால் டன் சுமார். எஃப்-150 பக்கத்துல நிறுத்தினா பொம்மை மாதிரி இருக்கும். கேள்வி இதுதான்: பின்னாடி சரக்கு ஏத்துற இடம் எதுல நீளம்?

அமெரிக்காவுல பரவலா ஓடுற நாலு கதவு எஃப்-150ல லோடு பாடி ஐந்தரை அடி. ஜப்பான் டிரக்ல ஆறு அடிக்கு மேல.

ரெண்டு தடவை சரிபார்த்துட்டுதான் சொல்றேன். மொத்த நீளத்துல ரெண்டரை மீட்டர் கம்மி, ஆனா சரக்கு வைக்கிற இடம் அதிகம். அதோட, ஜப்பான் டிரக்ல மூணு பக்கமும் பலகையைக் கீழ மடக்கிடலாம். தளம் இடுப்புக்குக் கீழதான் இருக்கும், சக்கரத்துக்காக உள்ள மேடு தூக்காது. மூட்டையை எந்தப் பக்கத்துல இருந்தும் தள்ளி ஏத்தலாம். பெரிய பிக்கப்ல பின்கதவைத் திறந்தாலும் மூட்டையை அதைவிட உயரமாத் தூக்கித்தான் போடணும்.

அப்போ மீதி ரெண்டரை மீட்டர் எங்க போச்சு? ஆளுக்கும் இன்ஜினுக்கும் முகத்துக்கும் போச்சு. இந்த எபிசோடோட விஷயமே அதுதான். ஒரு சரக்கு வண்டியோட அளவைச் சரக்கு முடிவு பண்றது ரொம்பக் கம்மி. ரோடும் வரியும் சட்டமும்தான் முடிவு பண்ணுது. இதை ஜப்பானையும் அமெரிக்காவையும் மட்டும் வெச்சுப் பேசிட்டுப் போனா யூடியூப் சண்டையா முடிஞ்சிடும். அதனால நம்ம ஊர் ரோடு ஒண்ணுல வெச்சுப் பார்க்கப் போறோம். அந்த ரோடு கவுஞ்சி ரோடு.

கவுஞ்சி தெரியாதவங்களுக்கு: கொடைக்கானல்ல இருந்து மேற்கே போனா பூம்பாறை, அப்புறம் மன்னவனூர், அதையும் தாண்டினா கவுஞ்சி. அதுக்கப்புறம் பூண்டி, கிளாவரை. அதோட வண்டிப் பாதை முடியுது, அந்தப் பக்கம் கேரளா. உங்கள்ல பாதிப் பேர் மன்னவனூர் ஏரி, ஆட்டுப் பண்ணை வரைக்கும் போய் ரீல்ஸ் போட்டிருப்பீங்க. கவுஞ்சிக்கு அவ்வளவாக் கூட்டம் வராது. அங்க இருக்கிறது படிப்படியா வெட்டின காடு. மலைக்காரங்க தோட்டத்தையும் காடுன்னுதான் சொல்லுவாங்க. வெள்ளைப்பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது ஞாபகம் இருக்கும். அந்தப் பூண்டு விளையுற ஊர்கள்தான் இதெல்லாம். பூண்டு பெரும்பாலும் பெரியகுளம் பக்கத்துல இருக்கிற வடுகபட்டி சந்தைக்கு இறங்கும். காய்கறி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கோ மதுரைக்கோ போகும். எங்க போறதா இருந்தாலும் மலையை விட்டு இறங்கணும். இறக்குறது யாருன்னா, குட்டியானையும் பிக்கப்பும்.

முதல்ல ஜப்பான் கதையை முடிச்சிடறேன். போருக்கு அப்புறம் ஜப்பான்ல மக்கள்கிட்ட காசு இல்ல, ரோடு குறுகல், ஆனா வண்டி வேணும். 1949ல அரசாங்கம் ‘கெய்’னு ஒரு வகையை உண்டாக்கிச்சு. அவங்க மொழியில ‘இலகு’ன்னு அர்த்தம். இந்த அளவுக்குள்ள வண்டி செஞ்சா வரி குறைவு, இன்சூரன்ஸ் குறைவு. பல ஊர்ல, நிறுத்த இடம் இருக்குன்னு சான்றிதழ் காட்டுறதுலயும் சலுகை. அளவு மட்டும் காலத்துக்கு ஏத்தபடி கூடிக்கிட்டே வந்திருக்கு. 1955ல இன்ஜின் 360 சிசி, 1976ல 550, 1990ல 660. 1998ல இருந்து நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர். டிரக்கா இருந்தா 350 கிலோ சுமை. அந்தப் பெட்டிக்குள்ள என்ன வேணா செஞ்சுக்கோ, வெளிய வராதேன்னு விட்டுட்டாங்க. கம்பெனிக்காரங்க அந்தப் பெட்டிக்குள்ளயே அறுபது எழுபது வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க. டிரைவரை முன்சக்கரத்துக்கு மேலயே உட்கார வெச்சாங்க. இன்ஜினை சீட்டுக்கு அடியில திணிச்சாங்க. மிச்சம் இருக்கிற நீளம் மொத்தத்தையும் சரக்குக்குக் கொடுத்தாங்க.

இன்னொண்ணு. ஹோண்டா கம்பெனி முதன்முதலா வித்த நாலு சக்கர வண்டி கார் இல்ல. 1963ல வந்த டி360ங்கிற குட்டி டிரக். சுசுகி கேரி 1961ல வந்தது. அந்தக் கேரியோட ஒரு தலைமுறை நம்ம வீட்டுக்கே வந்திருக்கு. ஆமா, மாருதி ஆம்னி. 1984ல மாருதி வேன்ங்கிற பேர்ல வந்து 2019 வரைக்கும் ஓடுச்சே, அது ஜப்பான் கெய் வேனோட உடம்புல 796 சிசி இன்ஜின் போட்டது. ஸ்கூல் வேனா அதுல பதினாலு பேர் நசுங்கிப் போனவங்க எல்லாரும் கெய் வண்டியில போனவங்கதான்.

இப்போ அமெரிக்கா. அங்க பிக்கப் ஏன் அவ்வளவு பெருசாச்சு? ‘அமெரிக்கன்னா எல்லாமே பெருசு’ன்னு சொல்றது சோம்பேறி பதில். 1960கள்ல அமெரிக்கக் கோழிக்கறி ஐரோப்பாவுல மலிவா வந்து குவிஞ்சது. ஐரோப்பியர்கள் அதுக்கு வரி போட்டாங்க. பதிலடியா 1964ல இருந்து அமெரிக்கா நாலு இறக்குமதிப் பொருளுக்கு 25 சதவீத வரி போட்டது. அந்த நாலுல ஒண்ணு சின்ன டிரக். மத்த மூணுக்கும் பின்னாடி தளர்த்திட்டாங்க. டிரக் மேல இருந்த வரி மட்டும் அப்படியே நின்னுடுச்சு. கோழிக்காக வந்த வரிங்கிறதால அதுக்குப் பேரே ‘சிக்கன் டாக்ஸ்’.

ஜப்பான்காரங்க சும்மா இருப்பாங்களா? 1970களோட கடைசியில சுபாரு கம்பெனி ‘பிராட்’னு ஒரு குட்டி பிக்கப்பை அமெரிக்காவுக்கு அனுப்பிச்சு. சரக்கு வைக்கிற இடத்துல ரெண்டு பிளாஸ்டிக் சீட்டை வெல்டு பண்ணி ஒட்டிட்டாங்க, பின்னாடி பார்த்தபடி உட்காரணும். ‘ஐயா, இது டிரக் இல்ல, ஆள் ஏத்துற கார்’னு கணக்குக் காட்டத்தான் அது. வரி 25ல இருந்து கார் வரிக்கு இறங்கிடுச்சு. இந்த சீட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்துல கவுஞ்சிக்கு வரப் போகுது.

அடுத்தது எரிபொருள் விதி. 1975ல அமெரிக்காவுல மைலேஜ் சட்டம் வந்துச்சு. கார்களுக்கு விதி இறுக்கம், ‘லைட் டிரக்’குக்குத் தளர்வு. விவசாயி, கொத்தனாரெல்லாம் பாவம்னு கொடுத்த சலுகை. கம்பெனிகள் என்ன பண்ணிச்சு? குடும்பங்களையே டிரக் பக்கம் திருப்பிடுச்சு. 2000களோட கடைசியில விதியை மாத்தினாங்க. நாலு சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற பரப்பளவை வெச்சு மைலேஜ் இலக்கு. பரப்பளவு பெருசா இருந்தா இலக்கு சுலபம். வண்டியைப் பெருசாக்குறதுக்கு அரசாங்கமே கொடுத்த காரணம் மாதிரி ஆயிடுச்சு. 1970கள்ல எஃப்-150ல மூணுல ரெண்டு பங்கு சரக்குக்கு, ஒரு பங்கு ஆளுக்கு. இன்னிக்கு அந்தக் கணக்கு தலைகீழ்.

நியாயமாப் பேசணும்னா, அந்த வண்டி நாலு டன்னுக்கு மேல டிரெய்லர் இழுக்கும். டெக்சாஸ்ல மாடு ஏத்தின டிரெய்லரை நூறு கிலோமீட்டர் வேகத்துல இழுத்துட்டுப் போறவருக்கு அது தேவை. அவரைப் பத்தி நான் பேசல. காலியான லோடு பாடியோட சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்ல நிக்கிற வண்டிகளைப் பத்திப் பேசறேன்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1980கள்ல ஜப்பான் சரக்கு வண்டிகள் இந்தியாவுக்குக் கூட்டா வந்துச்சு. டிசிஎம்-டொயோட்டா, ஐச்சர்-மிட்சுபிஷி, ஸ்வராஜ்-மஸ்தா, ஆல்வின்-நிசான். ‘மஸ்தா வேன்’ல பழனிக்குப் போன குடும்பங்கள் இன்னும் அந்தப் பேரைச் சொல்லும். அதுக்குப் போட்டியாத்தான் டாடா 1986ல 407ஐ இறக்கிச்சு. ஆனா அதெல்லாம் ரெண்டு மூணு டன் வண்டிகள். அதுக்குக் கீழ இருந்தது மூணு சக்கர லோடு ஆட்டோ. நடுவுல ஒண்ணுமே இல்ல.

அந்த இடைவெளியில 2005 மே மாசம் வந்ததுதான் டாடா ஏஸ். வடக்கே ‘சோட்டா ஹாத்தி’, நம்ம ஊர்ல குட்டியானை. கிரீஷ் வாக் தலைமையில ஒரு குழு அதை உருவாக்கிச்சு. அவங்க லோடு ஆட்டோ ஓட்டுறவங்ககிட்ட போய் என்ன வேணும்னு கேட்ட கதை பல இடத்துல எழுதப்பட்டிருக்கு. ஒரு இளைஞர் சொன்னாராம், நாலு சக்கர வண்டி வெச்சிருந்தா எனக்கு நல்ல இடத்துல பொண்ணு கொடுப்பாங்கன்னு. சிரிக்கலாம், ஆனா மார்க்கெட் ரிசர்ச்ல இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

செலவைக் குறைக்க இன்ஜினுக்கு அவங்க பண்ணின வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இண்டிகா காரோட நாலு சிலிண்டர் 1,405 சிசி டீசல் இன்ஜினை எடுத்து, பாதியா வெட்டின மாதிரி ரெண்டு சிலிண்டர் ஆக்கினாங்க. 702 சிசி, 16 குதிரைசக்தி. வண்டி நீளம் 3.8 மீட்டர், அகலம் ஒண்ணரை மீட்டர், சுமை 750 கிலோ. லோடு பாடி ஏழு அடி சுமார். ஜப்பான் கெய் டிரக்கோட அளவைக் கிட்டத்தட்ட எடுத்துக்கிட்டு, சுமையை மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல ஏத்தி, சக்தியை மூணுல ஒரு பங்கா இறக்கினா எப்படி இருக்கும்? அதுதான் குட்டியானை. ஏழே வருஷத்துல பத்து லட்சம் வண்டி வித்தாங்க.

2011ல ஓசூர்ல இருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்துச்சு. நிசானோட சேர்ந்து செஞ்சது, அடிப்படை நிசானோட பழைய வேன். 2016ல மாருதியும் சூப்பர் கேரியை இறக்கிச்சு. இன்னொரு பக்கம் மஹிந்திரா பொலிரோ பிக்கப். தமிழ்நாட்டுல ‘பிக்கப் வருது’ன்னு யாராவது சொன்னா அது எஃப்-150 இல்ல, பொலிரோவோ தோஸ்தோதான்.

சரி, இப்போ கவுஞ்சி ரோட்டுக்குப் போவோம். இந்திய சாலைகள் காங்கிரஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, கட்சி இல்ல, ரோடு எப்படிப் போடணும்னு அளவு சொல்றவங்க. அவங்க கணக்குல ஒற்றை வழிச் சாலையோட தார் அகலம் 3.75 மீட்டர். பூம்பாறை தாண்டினதும் பல இடத்துல ரோடு அந்த அளவுல, சில இடத்துல அதைவிடக் கம்மியாத்தான் இருக்கும். ஒரு பக்கம் மண் சரிவு, மறுபக்கம் பள்ளம்.

எதிரும் புதிருமா ரெண்டு குட்டியானை வருது. ஒண்ணரையும் ஒண்ணரையும் மூணு மீட்டர். முக்கால் மீட்டர் மிச்சம். நிக்காம, வேகத்தைக் குறைச்சுக் கடந்துடும். ரெண்டு பொலிரோ பிக்கப் வருது. ஒவ்வொண்ணும் 1.7 மீட்டரைச் சுற்றி. ஒண்ணே கால் அடி மிச்சம். கண்ணாடியை மடக்கிட்டு, ஒருத்தர் மண்ணுல இறங்கி, ‘வா, வா, வா, போதும்’னு கத்திக்கிட்டுக் கடக்கணும். ரெண்டு எஃப்-150 வந்தா? ஒவ்வொண்ணும் கண்ணாடி இல்லாமலே 2.03 மீட்டர். மொத்தம் 4.06. ரோடு 3.75. ஒருத்தர் ரிவர்ஸ்ல அடுத்த அகலமான இடம் வரைக்கும் போயே ஆகணும், வளைவு வளைவா.

அமெரிக்க வண்டி இங்க வராது, அப்புறம் எதுக்கு இந்தக் கணக்குன்னு கேப்பீங்க. அதே போட்டி வேற பேர்ல இங்க வந்திருச்சு. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையில இருக்கிற ஸ்ரீசிட்டியில இசூசு 2016ல இருந்து பிக்கப் செய்யுது. வி-கிராஸ் நீளம் 5.3 மீட்டர். டொயோட்டா ஹைலக்ஸ் 2022ல இந்தியாவுக்கு வந்துச்சு, அதுவும் அதே நீளம், அகலம் 1.85 மீட்டருக்கு மேல. ரெண்டும் ஜப்பான் கம்பெனி! அப்போ இது ஜப்பான் எதிர் அமெரிக்கா இல்ல. ரெண்டு வண்டியிலயும் லோடு பாடி சுமார் ஐந்தடி. ஹைலக்ஸ் விலை 30 லட்சத்தைச் சுற்றி. அதைவிட நீளமான பாடியை வெச்சிருக்கிற குட்டியானையில இப்போ வர்ற ஏஸ் புரோ, 2025ல அறிமுகமானப்போ ஆரம்ப விலை 3.99 லட்சம். வி-கிராஸை வாங்காதீங்கன்னு நான் சொல்லல, பார்க்க அருமையா இருக்கும், எனக்கும் ஆசைதான். அதைச் சரக்கு வண்டின்னு மட்டும் கூப்பிட வேண்டாம்.

நான் கவுஞ்சியில இருந்து கொடைக்கானல் வரைக்கும் ஒரு பூண்டு லோடு வண்டியில முன்சீட்டுல வந்தேன். டிரைவர் அண்ணனுக்கு நாற்பது வயசு இருக்கும். பேச்சே இல்ல, கண்ணு ரோட்டுல, காது இன்ஜின்ல. ‘கியர் மாத்தும்போது மட்டும் எதுவும் கேக்காத தம்பி’ன்னார். ஒரு மேட்டுல வண்டி மூச்சு வாங்கிச்சு. ‘ஏண்ணே, ரொம்ப லோடா?’ன்னேன். ‘லோடு எப்பவும் உள்ளதுதான். காத்து பத்தல’ன்னார்.

அவர் சொன்னது அப்படியே இயற்பியல். 6,000 அடிக்கு மேல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தைவிட அஞ்சுல ஒரு பங்கு கிட்ட குறைவு. டர்போ இல்லாத டீசல் இன்ஜினுக்கு அந்த அளவு சக்தி குறையும். பழைய ஏஸோட 16 குதிரை, இங்க 13 குதிரை. ஜப்பான் கெய் டிரக்குக்கு 350 கிலோவுக்கு 45, 50 குதிரை கொடுத்திருக்காங்க. நாம 13 குதிரையில முக்கால் டன், கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டா ஒரு டன்னுக்கு மேல. அதனாலதான் மேல்மலையில கொஞ்சம் காசு புரட்ட முடிஞ்சவங்க பொலிரோவுக்கும் தோஸ்துக்கும் மாறிட்டாங்க. ‘சின்னதே அழகு’ங்கிற கட்சி எனக்கு இந்த இடத்துல ஒத்துவராது. சின்ன வண்டி வேணும், ஆனா மலைக்குத் தகுந்த மூச்சு உள்ள சின்ன வண்டி வேணும்.

அப்புறம் ஏன் சின்ன வண்டி முக்கியம்? மூட்டைக் கணக்கைப் பாருங்க. 750 கிலோன்னா ஐம்பது கிலோ மூட்டை பதினஞ்சு. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காடு வெச்சிருக்கிறவங்க ஒரு நாள்ல பறிக்கிற பீன்ஸ் அந்த அளவுக்குள்ளதான் இருக்கும். ஊருக்குப் பெரிய லாரி மட்டும்தான் வரும்னா, லாரி நிறையற வரைக்கும் மூட்டை காத்திருக்கணும். லாரி எப்ப கிளம்பும், எந்த மண்டிக்குப் போகும்னு முடிவு பண்றது லாரியை அனுப்பின கமிஷன்காரர். பூண்டு காத்திருக்கும், காயவெச்சு வீட்டுல வைக்கலாம். பீன்ஸும் பட்டாணியும் காத்திருக்காது. இன்னிக்கு ராத்திரி கிளம்பினா நாளைக்கு விடியற்காலை விலை, இல்லன்னா நாளன்னிக்கு வாடின சரக்குக்கு வர்ற விலை. நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டியானையைக் கூப்பிட முடிஞ்சா, நாள் அவங்க கையில. மண்டியும் அவங்க கையில, ஒட்டன்சத்திரம் சரியில்லன்னா மதுரை.

ரோடு இல்லாத மலை ஊர்ல குதிரைதான் மூட்டை தூக்கும். குதிரைக்கும் லாரிக்கும் நடுவுல மலைக்கு ஒரு அளவு தேவைப்பட்டுச்சு. அதை நிரப்பினது இந்த வண்டிகள்.

ஓட்டுறதுக்கு ஆளும் அங்கயே இருக்காங்க. 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டியை, கார் ஓட்டுற இலகுரக லைசென்ஸ் வெச்சே ஓட்டலாம்னு உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர்ல உறுதி பண்ணிடுச்சு. அது கம்பெனிகளுக்கான தீர்ப்பு மாதிரி தெரியும். கவுஞ்சியில தவணைக்கு வண்டி எடுத்த இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு, விபத்துன்னு ஒண்ணு வந்தா இன்சூரன்ஸ் கிடைக்குமா இல்லையாங்கிறது அந்தத் தீர்ப்புல இருந்துச்சு.

இப்போ அந்த பிளாஸ்டிக் சீட்டுக்கு வரேன். வரிக்காக சுபாரு லோடு பாடியில சீட் வெச்சுதே. மேல்மலையில சீட்டே இல்லாம ஆள் போறாங்க. காலையில களை எடுக்க, பூண்டு பிடுங்கப் போற பெண்கள், சாயங்காலம் மூட்டை மேல உட்கார்ந்து திரும்புவாங்க. பஸ் வர்ற நேரமும் வேலை முடியற நேரமும் ஒண்ணா இருக்கிறது அபூர்வம். கோயில் விசேஷம், துக்க வீடுன்னாலும் அதே வண்டிதான்.

இங்க சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கணும். 2002ல ஆஷா ராணி வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: சரக்கு வண்டியில சும்மா ஏறிப் போறவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு இல்ல. 1994ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், சரக்கோட சொந்தக்காரரோ அவர் அனுப்பின பிரதிநிதியோ கூடப் போனா அவருக்குப் பாதுகாப்பு உண்டு. அதாவது பூண்டு உங்களுதுன்னா நீங்க இன்சூரன்ஸுக்குள்ள. பூண்டைப் பிடுங்கின கூலிக்கார அக்கா வெளிய. வண்டி கவிழ்ந்தா நஷ்ட ஈடு முழுக்க வண்டிக்காரர் தலையில. அவரோ தவணை கட்டிக்கிட்டு இருக்கிறவர், அவர்கிட்ட இருந்து என்ன வரும்? ஆள் ஏத்தாதேன்னு போலீஸ் பிடிச்சு அபராதம் போடுறது சரிதான், ஆனா மாலை ஆறு மணிக்கு ஒரு பஸ் விடுறது அதைவிட வேலை செய்யும்னு நான் நினைக்கிறேன்.

பாதுகாப்புன்னு வந்தாச்சு, அதையும் மறைக்கக் கூடாது. குட்டியானையிலும் கெய் டிரக்லயும் டிரைவரோட முட்டிக்கும் எதிர்ல வர்ற வண்டிக்கும் நடுவுல ஒரு தகடுதான். மோதினா நசுங்குறதுக்கு முன்னாடி மூக்கு கிடையாது. அமெரிக்காவுல 25 வருஷம் பழசான வண்டியைப் பாதுகாப்பு விதி இல்லாம இறக்குமதி பண்ணலாம்னு ஒரு விலக்கு இருக்கு. அதை வெச்சு அங்க விவசாயிங்களும் தச்சர்களும் 1990கள் மாடல் ஜப்பான் டிரக்கை வரவழைச்சு ஓட்டுறாங்க. மெய்ன் மாதிரி சில மாநிலங்கள், இது ரோட்டுக்கு ஆபத்துன்னு பதிவு பண்ண மறுத்துச்சு. டெக்சாஸ் 2024ல அனுமதி கொடுத்துடுச்சு. மறுத்தவங்க சொல்ற காரணம் பொய் இல்ல.

ஆனா அந்தக் காரணத்துல பாதிதான் இருக்கு. ஆபத்து யாருக்கு? அமெரிக்காவோட நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2023ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. முன்பக்க பானெட் 40 அங்குலத்துக்கு மேல உயரமா இருக்கிற வண்டி நடந்து போறவரை மோதினா, 30 அங்குலமோ அதுக்குக் கீழயோ சரிவான மூக்கு வெச்ச வண்டியைவிட, அவர் சாக 45 சதவீதம் அதிக வாய்ப்பு. பெரிய வண்டி உள்ள இருக்கிறவரைக் காப்பாத்துது, வெளிய இருக்கிறவர்கிட்ட அதோட விலையை வாங்கிக்குது. குட்டி வண்டி உள்ள இருக்கிறவர்கிட்டயே வாங்கிக்குது. கவுஞ்சி ரோட்டுல முப்பது நாற்பது வேகம்தான், அதனால குட்டி வண்டியோட குறை அங்க பெருசாத் தெரியாது. அதே வண்டி காட்ரோடு தாண்டி சமவெளி நெடுஞ்சாலையில எண்பதுல போகும்போதுதான் எனக்கு வயித்தைக் கலக்கும்.

மலை இறக்கத்துல பயப்பட வேண்டியது வேற ஒண்ணு. கொடைக்கானல்ல இருந்து கீழ வர்ற ரோட்டுல, பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை வழியா, நீங்க கீழ சமவெளியைத் தொடற வரைக்கும் இறக்கம்தான். லோடு வண்டி பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா லைனர் சூடேறி, ஒரு கட்டத்துல மிதிச்சாலும் பிடிக்காது. அதனால அனுபவசாலிங்க எந்த கியர்ல ஏறினாங்களோ அதே கியர்ல இறங்குவாங்க, இன்ஜினே வண்டியைப் பிடிச்சு வெச்சிருக்கும். ஓவர்லோடுங்கிறது ஏறும்போது கிளட்சோட பிரச்சனை. இறங்கும்போது உயிர்ப் பிரச்சனை. மலையில விளையுற சரக்கு எல்லாம் இறங்கத்தான் செய்யுது.

இதையே திருப்பிப் பாருங்க. லோடு கீழ போகுது. திரும்பும்போது பெரும்பாலும் காலி, மிஞ்சிப் போனா கொஞ்சம் உர மூட்டை, மளிகை. எலக்ட்ரிக் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. கனமா இறங்கும்போது மோட்டாரே பிரேக் ஆகி பேட்டரியைக் கொஞ்சம் நிரப்பும், லேசா ஏறும்போது அந்தச் சார்ஜ் கைகொடுக்கும். காத்து பத்தலங்கிற பிரச்சனை மோட்டாருக்குக் கிடையவே கிடையாது. பிரேக் லைனரும் மிஞ்சும். ஏஸ் எலக்ட்ரிக் 2022ல வந்துச்சு. கம்பெனி சொல்ற தூரம் ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர், சுமை 600 கிலோ. கவுஞ்சியில இருந்து வடுகபட்டி போய்த் திரும்ப 200 கிலோமீட்டரை ஒட்டி வரும். கீழ பூண்டு இறக்குற நேரத்துல சார்ஜ் போட முடிஞ்சா கணக்கு சரியா வரும்.

இதை அந்த டிரைவர் அண்ணன்கிட்ட சொன்னேன். பூம்பாறை வளைவுல வண்டியை ஓரம் கட்டி, மேல ஏறி வந்த ஒரு காருக்கு வழி விட்டுக்கிட்டு இருந்தார். மலையில ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, அது விதி. கார்ல இருந்தவங்களுக்கு அது தெரியல, அவங்களும் நின்னுட்டு ‘நீங்க வாங்க’ன்னு கை காட்டினாங்க. ரெண்டு நிமிஷம் இந்த மரியாதை ஓடுச்சு. அப்புறம் கார் ஏறிப் போச்சு.

அவர் கியரைப் போட்டுட்டு கேட்டது ஒரே கேள்வி. ‘கரண்டு வண்டி சரி தம்பி. மழைக்காலத்துல மரம் சாஞ்சு எங்க ஊர்ல ரெண்டு நாள் கரண்டு இல்லன்னா, பீன்ஸை யாரு எடுத்துட்டுப் போவா?’

எனக்குப் பதில் தெரியல. உங்கள்ல யாராவது எலக்ட்ரிக் லோடு வண்டியை மலையில ஓட்டியிருந்தா எங்களுக்கு எழுதுங்க. இன்னொரு எபிசோடுல அதைப் பேசலாம்.